பொருள்: நிழல் கோருதல் தொடர்பாக

அனுப்புநர்: தஞ்சாவூரிலிருந்து மனோரா வரை சைக்கிள் மிதித்துப் போன ஒரு கணவன், ஒரு மனைவி.
பெறுநர்: சாலையை அகலப்படுத்தும் மாண்பமை துறை.
பார்வை: எண் 214 இட்ட புளியமரம் (தற்போது பார்வையில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்கள் துறையின் பெயரை எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும். முன்பு வேறொரு விஷயத்துக்காகப் பெயர், பதவி, பின்கோடு எல்லாம் எழுதி அனுப்பிய மனு ஒன்று, ‘இப்பொருள் இவ்வலுவலகம் சார்ந்ததல்ல’ என்ற குறிப்போடு நான்கு அலுவலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைவிட அதிகம் ஊர் பார்த்த களைப்போடு வீடு திரும்பியது. ஆகவே இதைப் படிக்கும்போது எந்தத் துறைக்கு உறுத்துகிறதோ அந்தத் துறையே பெறுநர்.

முதலில் பாராட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு நிழலில்லா நாள் என்பது ஆண்டில் இரண்டே நாள். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒன்று. அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்திக் காட்டுவார்கள். ஐந்து நிமிஷம் கைதட்டல், அப்புறம் வகுப்புக்குப் போய்விடலாம். சூரியனே ஆண்டுக்கு இரண்டு நாளுக்கு மேல் செய்ய முடியாத இந்த வித்தையைத் தங்கள் துறை வெறும் ரம்பத்தைக் கொண்டு 365 நாளாக உயர்த்தியிருக்கிறது.

எங்களைப் பற்றி. என் மனைவி அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் நானும் டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். கல்யாணமாகி 25 வருஷம் ஆனதைக் கொண்டாட, இரண்டு நாள் சைக்கிளில் கடலைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. மார்கழியில் போனால் என்ன என்று கேட்பீர்கள். டீச்சருக்குப் பெரிய லீவு மே மாதம்தான் விடுகிறார்கள். கத்திரி வெயிலும் அதே சமயத்தில்தான் மே 4இல் பொறுப்பேற்று 28இல் பணி ஓய்வு பெறுகிறது. நாட்டிலேயே சேர்ந்த தேதியும் விடுவித்த தேதியும் பிசகாமல் வேலைக்கு வருகிற ஒரே அதிகாரி அவர்தான் என்று நினைக்கிறேன்.

என்னுடையது பழைய 22 இஞ்ச் சைக்கிள். டீச்சர் ஓட்டியது எங்கள் மகளுக்கு பிளஸ் ஒன்னில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அரசு சைக்கிள் கொடுத்தது, அது ஓட அகலமான சாலையும் கொடுத்தது. சைக்கிளுக்கு மேலே ஒரு மண்டை இருக்கும் என்ற விவரம் மட்டும் கோப்பில் விட்டுப்போயிருக்கிறது.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். எட்டு மணி வரை சொர்க்கம். புது ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வரை அது மணல் ஆறுதான், பையன்கள் உள்ளே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரத்தநாட்டில் டீ. ராமேசுவரம் போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகட்டும் என்று இருநூறு வருஷத்துக்கு முன்னால் சரபோஜி மன்னர் அங்கே கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் சொன்னாள்: “ஏங்க, அந்தக் காலத்துல ரோடு போட்டவங்க, அதுல மனுஷன் போவான்னு நெனச்சிருக்காங்க.”

ஒன்பதரைக்கு மேல்தான் தங்கள் ஆட்சி எல்லைக்குள் நுழைந்தோம். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த இடத்தில் மட்டும் பந்தல் போட்டு, மைக் வைத்து, நான்கு கன்று நட்டு, அதற்குப் பக்கத்திலேயே கன்றைவிடப் பெரிய கல்வெட்டும் நட்டுவிடுவீர்கள்.

கண்ணுக்கெட்டிய வரை தார். நடுவில் தடுப்புச் சுவருக்குள் அரளி. அதன் நிழல் ஆட்டுக்குட்டிக்கும் காணாது, இலையைத் தின்றால் அந்த ஆட்டுக்குட்டியும் மிஞ்சாது. இருபக்கமும் நீங்கள் வைத்திருக்கும் பயணியர் நிழற்குடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று மேற்கே பார்த்தபடி இருந்தது, பிற்பகலானால் வெயில் உள்ளே வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொள்ளும். அதன் எவர்சில்வர் பெஞ்சில் தோசை வார்க்கலாம். எதிர்ச்சாரியில் இருந்ததன் நிழலோ, கூரையைவிட்டு இறங்கிப் பின்னாலிருந்த முள்வேலிக்குள் போய் விழுந்திருந்தது. கூரை பயணிகளுக்கு, நிழல் சீமைக் கருவேலத்துக்கு.

அந்தச் சீமைக் கருவேலத்தின் முள்தான் டீச்சரின் டயரில் ஏறியது. மணி பதினொன்றரை.

பஞ்சர் ஒட்ட நிழல் வேண்டும். சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டை வைத்து அழுத்துகிற வரை தாரில் உட்கார முடியாது. சுற்றிப் பார்த்தோம். ‘மரம் வளர்ப்போம் மழை பெருவோம்’ என்று ஒரு பலகை. பெறுவோம் என்று வல்லின றகரம் வர வேண்டும். முப்பது வருஷத் தொழில் பழக்கம், கை பேனாவைத் தேடியது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் மரத்தின் பெயரால் நட்டுவைத்திருந்த ஒரே பொருள் அந்தப் பலகைதான், அதன் நிழல் ஒரு கைக்குட்டை அளவு. பிழையை மன்னித்துவிட்டுச் சைக்கிளின் பின்சக்கரத்தை அதில் வைத்தோம். நாங்கள் இருவரும் பத்தடி தள்ளியிருந்த ஒற்றைப் பனையின் நிழலில் நின்றோம். பனைமர நிழலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக, ரேஷன் கடை வரிசைபோலத்தான் நிற்கலாம். மே மாதம் உச்சிப்பொழுதில் நம் ஊர்ச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அறுபதடிப் பனைக்கு நண்பகலில் பத்தடி தேறினாலே அதிகம். நிழல் சுருங்கச் சுருங்க வரிசை நெருங்கியது. 25 வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு நெருக்கமாக நின்று நாளாயிற்று. அதற்கும் தங்கள் துறைக்கு நன்றி.

டியூபில் ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீரில் முக்க வேண்டும். இருந்தது ஒன்றரை லிட்டர், குடிப்பதற்கு. தண்ணீரைக் குமிழிக்குக் கொடுப்பதா, தொண்டைக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் டியூபை வாங்கி உதட்டோரம் மெல்ல ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். “இங்க.” காற்று உதட்டில் பட்டிருக்கிறது. வெயிலில் வெடித்துப்போன உதடு, அதில் எப்படித்தான் உணர்ச்சி மிச்சம் இருந்ததோ.

அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கையில் கறுப்புக் குடை. டீச்சரைக் குடைக்குள் அழைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “இங்கதான் தம்பி பெரிய பெரிய புளியமரமா நின்னுச்சு. வெட்டயில கேட்டேன், நெழலு எங்க போவும்னு. ஒண்ணுக்குப் பத்து கன்னு வைப்போம்னாங்க. வச்சாங்க. ஆடு தின்னுடுச்சு. எந்த ஆடுன்னு கேக்காதீங்க.”

அவர் சொன்ன பிறகுதான் எண் 214 நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போவதென்றால், பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டிக்கடையில் மச்சான் விட்டுவைத்திருக்கும் சைக்கிளில் டபுள்ஸ் போக வேண்டும். சாலையின் இருமருங்கிலும் புளியமரங்கள், காய்ப்பை ஏலம் விடுவதற்காக ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் எண். ஒருநாள் செயின் கழன்ற இடம் 214. கிரீஸ் கையோடு நான் அங்கே உளறிய சில வசனங்கள் உண்டு, அரசுக் கடிதத்தில் சேர்க்கத் தக்கவையல்ல. புளியமரத்தில் பேய் குடியிருக்கும் என்று டீச்சர் அன்று பயந்தாள். இப்போது அந்தப் பேய் எங்கே வாடகைக்கு இருக்கிறதோ, தெரியவில்லை.

கஜா புயல் சாய்த்துவிட்டது என்று பதில் எழுதாதீர்கள். 2018 நவம்பரில் கஜா இந்தப் பக்கத்துத் தென்னையை எப்படி வாரிப்போட்டது என்று எங்களுக்குத் தெரியும், டீச்சர் வீட்டுத் தோப்பும் அதில் போனது. ஆனால் புயல் மரத்தை வேரோடு பிடுங்கும். அடியில் ஒரே சீராக அறுத்து, மேலே தார் ஊற்றி, வெள்ளைக்கோடு போட்டுவிட்டுப் போகிற புயல் இன்னும் வங்கக்கடலில் உருவாகவில்லை.

இனி கோரிக்கை. அன்று ரேடியோவில் 39 டிகிரி என்றார்கள். எங்களுக்கு அது ஐம்பதாகப் பட்டது. டீச்சர்தான் விளக்கினாள். வானிலைக்காரர்கள் வெப்பத்தை வெயிலில் வைத்து அளப்பதில்லை, நிழலில் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதற்கென்று வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி ஒன்று உண்டு. சுற்றிலும் சாய்வுப் பலகைகள், காற்று போகும், வெயில் புகாது. தார்ச்சூடு தாக்காமல் புல்தரையில், நாலடி உயரக் காலில் நிற்கும். கதவு வடக்கே பார்த்திருக்கும், திறந்தாலும் வெயில் உள்ளே விழக் கூடாதாம். அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் தங்களைப் போல ஒரு பொறியாளர்தான், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கம் கட்டியவர், ‘புதையல் தீவு’ எழுதியவரின் அப்பா. ஒரு கண்ணாடிக் குழாயும் கொஞ்சம் பாதரசமும் வெயிலில் வாடக் கூடாது என்று அந்த மனுஷன் அவ்வளவு யோசித்திருக்கிறார்.

ஆகவே ஐயா, இந்தச் சாலையில் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அனைவரையும் வெப்பமானிகள் என்று அரசிதழில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மனிதர்களாக இருந்துகொண்டு நிழல் கேட்டால் நிதி இல்லை என்பீர்கள். கருவிகள் என்றால் பராமரிப்புச் செலவில் வந்துவிடும். 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அரசு சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். ஒரு புளியங்கன்றும் அதற்கு ஆடு தொடாத ஒரு கூண்டும் என்ன விலை ஆகும் என்று தங்கள் கணக்குப் பிரிவில் ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்ற அறிவுரையும் கிடைத்தது. அந்த ஆட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். “ஆட்டுக்கிட்ட சொல்லுங்க” என்றார்.

டீச்சருக்கு ஒரு தொழில் சங்கடமும் இருக்கிறது. அசோகர் சாலையோரங்களில் என்ன செய்தார் என்பது அவள் வகுப்பில் இரண்டு மார்க் கேள்வி. மனிதருக்கும் கால்நடைக்கும் நிழல் தர ஆலமரம் நட்டார், கிணறு வெட்டினார், தூணில் செதுக்கியும் வைத்தார். ராணி மங்கம்மாள் சாலைக்கும் அதே பதில்தான். போன வருஷம் ஒரு பையன் எழுந்து, “அப்புறம் வெட்டுனது யாரு டீச்சர்?” என்று கேட்டிருக்கிறான். பாடத்திட்டத்தில் இல்லை என்று சமாளித்திருக்கிறாள். பதில் தங்கள் அலுவலகத்தில் இருப்பதால் அனுப்பிவைக்கவும்.

மறுநாள் மனோரா போய்ச் சேர்ந்தோம். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததற்காக 1814இல் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம். இந்தப் பக்கம் தலைகாட்டாத ஒரு மனிதரின் தோல்விக்கு இவ்வளவு பெரிய கட்டடம். பிற்பகல் மூன்று மணிக்கு அதன் நிழல் நீளமாக மணலில் விழுந்திருந்தது, கடற்காற்றும் வந்துவிட்டது. இரண்டு நாளில் முதன்முறையாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு பூத்திருந்தது. இலங்கை வரைபடம் மாதிரி இருக்கிறது என்றாள் டீச்சர். திரும்பும்போது சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றிவிட்டோம்.

இப்படிக்கு,
வெப்பமானிகள் இருவர்.

நகல்: எண் 214 நின்ற இடத்துக்கு (தார் மேல் ஒட்டப்படும்).

பின்குறிப்பு: ஒன்றுக்குப் பத்து என்பது தங்கள் கணக்கு. எங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று போதும். ஆடி மழைக்கு முன் கன்று கொண்டுவந்தால் குழி நாங்களே தோண்டுகிறோம். கூண்டுக்கு ஆட்டுக்காரர் பொறுப்பேற்றிருக்கிறார்.