ஓடல மேடம்!

தீசிஸ் கொடுக்க வேண்டிய கடைசி மாதத்தில், எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் மூன்று பேரைத் தேடி அலைவார்கள். முதலாமவர் கையெழுத்துப் போட வேண்டிய கைடு. இரண்டாமவர் பைண்டிங் கடைக்காரர். மூன்றாவது ஆள் நான். கைடு கான்ஃபரன்ஸுக்குப் போயிருப்பார். பைண்டிங் கடைக்காரர் அட்வான்ஸ் கேட்பார். நான் மட்டும்தான் இருந்த இடத்திலேயே இருப்பேன். காசும் கேட்க மாட்டேன். ஆகவே கூட்டமெல்லாம் என் அறை வாசலில்தான்.

மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். அதற்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதைச் சொல்லி என்னை அழைப்பது சம்பளப் பட்டியல் மட்டுமே. மற்ற எல்லாருக்கும் நான் 'ஸ்டாட்ஸ் மேடம்'. லேப்டாப்பைத் திறந்தபடியே இரு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்.

"மேடம், ஓடல."

எது ஓடவில்லை, எப்போதிலிருந்து ஓடவில்லை, இதற்கு முன்னால் ஓடியதுண்டா, எதுவும் சொல்ல மாட்டார்கள். இத்தனைக்கும் இவர்கள் டாக்டர்கள். வயிற்றுவலி என்று ஒருவர் வந்தால், வலி எங்கே, என்றைக்கு ஆரம்பித்தது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, முதுகுப் பக்கம் பரவுகிறதா, வாந்தி உண்டா, கடைசியாக என்ன மாத்திரை போட்டார் என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டு எழுதாமல் நோயாளியின் மேல் கை வைக்கக் கூடாது என்று படித்தவர்கள். அப்படி எழுதாத ஜூனியரை வார்டில் எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுப்பவர்கள். என் அறை வாசல்படியைத் தாண்டியதும் அந்தப் படிப்பு முழுவதும் வெளியே நின்றுவிடும். 'நீங்கதானே டாக்டர், நீங்களே கண்டுபிடிங்க' என்று கையை நீட்டி நாடியைக் காட்டும் நோயாளியாகிவிடுவார்கள்.

"என்ன எரர் வந்துச்சு?"

"சிவப்பா என்னமோ வந்துச்சு மேடம். பயந்து மூடிட்டேன்."

ரத்தத்தைக் கண்டு பயப்படாதவர்கள் இந்தச் சிவப்பைக் கண்டு பயப்படுகிறார்கள். ஒருவகையில் நியாயம்தான். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை இயக்கும் ஆர் ஸ்டுடியோவில் பெரும்பாலும் பிழையும் சிவப்பு, எச்சரிக்கையும் சிவப்பு, வெறும் தகவலும் சிவப்பு. 'டிப்ளையர்' என்ற பேக்கேஜை ஏற்றினால், 'ஃபில்டர்', 'லேக்' என்று ஏற்கெனவே இருக்கும் சில ஃபங்ஷன்களின் பெயரை நானும் வைத்திருக்கிறேன், இனி அந்தப் பெயரில் கூப்பிட்டால் நான்தான் வருவேன் என்று மரியாதையாக அறிவிக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆரை அழித்து, மறுபடி நிறுவி, மறுபடி அதே அறிவிப்பைப் பார்த்து, லேப்டாப்பையே மாற்றிக்கொண்டு வந்த கண் டாக்டர் ஒருவர் உண்டு.

சிலர் மூடாமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். திரையைத் திரையிலேயே பிடிக்க வசதி இருக்கிறது. ஆனாலும் செல்போனால்தான் எடுப்பார்கள். படம் சாய்வாக இருக்கும். பாதித் திரையில் டியூப்லைட் எரியும். கட்டைவிரல் துல்லியமாகத் தெரியும். எந்த வரியில் தப்போ அந்த வரி மட்டும் படத்துக்கு வெளியே இருக்கும். இரவு 11 மணிக்கு வரும் அந்தப் படத்தின் கீழே 'அர்ஜென்ட் மேம்' என்று ஒரு வரி. பக்கத்தில் கைகூப்பிய பொம்மை.

ஆர் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மென்பொருள். அதன் 1.0.0 பதிப்பு வெளியான நாள் 2000-ம் ஆண்டு பிப்ரவரி 29. நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் கொண்டாட முடியும் என்றாலும் அது குறைப்பட்டுக்கொள்வதில்லை, இலவசமாக உழைக்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு மென்பொருள் அதைவிட மூத்தது, 1968-ல் பிறந்தது, மெனுவை அழுத்தினால் வேலை முடியும். ஆனால் காசு வேண்டும். 'ஃப்ரீயாமே' என்ற ஒரே காரணத்துக்காக ஆருக்கு வந்தவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். வந்த பிறகுதான் தெரிகிறது, விலை ரூபாயில் இல்லை, தூக்கத்தில் என்று.

ஆரின் பிழைச் செய்திகளில் ஒன்று உலகப் புகழ் பெற்றது: 'ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்.' ஜென்னி பிரையன் என்ற நிபுணர் 2020-ல் ஒரு மாநாட்டில் பேசியபோது இந்த வாக்கியத்தையே உரைக்குத் தலைப்பாக வைத்தார் என்றால் இதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். படிக்கப் பயங்கரம், காரணம் பரம சாது. நீங்கள் உங்கள் தரவுக்கு 'டி.எஃப்.' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இன்று அதை ஏற்ற மறந்துவிட்டீர்கள். ஆருக்குள்ளேயே 'டி.எஃப்.' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதனிடம் போய் 'வயது பத்தியைக் கொடு' என்கிறீர்கள். 'நான் தரவே இல்லை, என்னிடம் ஏது பத்தி' என்று அது சொல்கிறது. அதன் ஆங்கிலம்தான் மோசம், அபிப்பிராயம் சரி.

நான் பார்த்தவரை ஆர் நேர்மையான பிரகிருதி. இருநூறு நோயாளிகளில் ஒரே ஒருவருடைய எடை தெரியாவிட்டாலும் போதும். சராசரி கேட்டால் 'எனக்கும் தெரியாது' என்று கைவிரித்துவிடும். தெரியாததை விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்று நாம் எழுத்தில் கொடுத்தால்தான் போடும். இந்த நேர்மையை நம் டாக்டர்கள் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

உண்மையான கோளாறு ஆருக்கு வருவதற்கு முன்பே, எக்ஸெல் தாளில் நடந்து முடிந்திருக்கும். பாலினம் என்ற பத்தியைத் திறந்தால் 'எம்', சின்ன 'எம்', 'மேல்', 'ஆண்', பின்னால் ஒரு காலி இடம் விட்ட 'எம்' என்று ஆண்கள் மட்டுமே ஐந்து வகை. ரத்த அழுத்தம் '120/80' என்று ஒரே கட்டத்தில். வயதுப் பத்தியில் நடுவில் ஒருவருக்கு மட்டும் '45 இயர்ஸ்'. அந்த ஓர் எழுத்துக்கூட்டத்தால் பத்தி முழுவதும் எண் என்ற அந்தஸ்தை இழந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் மஞ்சள், இல்லாதவர்கள் வெள்ளை. "கலர் போட்டிருக்கேனே மேடம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆர் படிப்பது கட்டத்தில் இருக்கும் எழுத்தை, பெயின்ட்டை அல்ல. விடுபட்ட இடங்களுக்கு ஒருவர் 999 போட்டிருந்தார். அவருடைய முதியோர் நல ஆய்வில் பாட்டிமார்களின் சராசரி வயது முந்நூறைத் தாண்டியது. "நல்ல ஆஸ்பத்திரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஹீமோகுளோபின் அளவை '10-12' என்று ஒரு சகோதரி தட்டியிருந்தார். எக்ஸெல் அதை டிசம்பர் 10 என்று எடுத்துக்கொண்டது. எக்ஸெல் தேதிகளை 1900 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாள் எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளும். அதனால் ஆருக்குள் வந்தபோது அந்த நோயாளியின் ஹீமோகுளோபின் 45,270. ரத்தசோகை ஆய்வு அது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 'மார்ச்1', 'செப்ட்1' என்று மனித ஜீன்களுக்குப் பெயர் இருந்தது. எக்ஸெல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. விஞ்ஞானிகள் போராடிப் பார்த்துவிட்டு, 2020-ல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பல கோடி ஆண்டுப் பரிணாமம் ஒரு மென்பொருளுக்கு வழிவிட்டது. அதே ஆண்டு இங்கிலாந்தில், 65,536 வரிகளுக்கு மேல் பிடிக்காத பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால், கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போனார்கள். பணக்கார நாடு. அவர்களுக்கும் யாரோ ஒரு ஸ்டாட்ஸ் மேடம் இருந்திருப்பார். அவரிடமும் யாராவது கடைசி நிமிஷத்தில்தான் போயிருப்பார்கள்.

எங்கள் துறையில் இப்படிப்பட்ட சிக்கல்களை என்னைவிட அதிகம் தீர்த்தவர் ஒருவர் இருக்கிறார். அட்டெண்டர் அண்ணன். கம்ப்யூட்டரைத் துடைப்பதோடு சரி, தொட்டதில்லை. நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் வருகிறவர்களை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, "என்ன சார் பிரச்சினை?" என்று கேட்பார். அவருக்குப் புரிய வேண்டுமே என்று அவர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். "இந்த ஃபைலை எடுத்தேண்ணே. இந்தப் பத்தியைப் பிரிச்சேன். அப்புறம் இந்த ரெண்டையும் சேர்த்தேன்…" அண்ணன் "சரி, அப்புறம்?" என்பார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். நாலாவது 'அப்புறம்' வருவதற்குள் டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டு, "ஐயோ, பிரிச்ச ஃபைலை சேவ் பண்ணலண்ணே!" என்று எழுந்து ஓடிவிடுவார். நான் வகுப்பு முடிந்து வரும்போது பெஞ்ச் காலியாக இருக்கும்.

இதற்கு வெளிநாட்டில் ரப்பர் வாத்து முறை என்று பெயர். 1999-ல் ஆன்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் எழுதிய 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' புத்தகத்தில் வருகிறது: மேசை மேல் ஒரு பொம்மை வாத்தை வைத்துக்கொண்டு உங்கள் நிரலை வரிவரியாக அதற்கு விளக்கினால் பிழை தானே தெரிந்துவிடும். எங்கள் கல்லூரியில் வாத்து வாங்க சாங்ஷன் கிடைக்காது. அண்ணன் இருக்கிறார்.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. அதன் பொறுமை எனக்குக் கிடையாது. நள்ளிரவில் கேட்டாலும் கோபிக்காமல் பதில் சொல்கிறது. விடுபட்ட கமா, மூடாத அடைப்புக்குறி எல்லாம் நொடியில் பிடித்துவிடும். சில சமயம் உலகத்திலேயே இல்லாத ஒரு ஃபங்ஷனை ஆணித்தரமாகச் சிபாரிசு செய்யும். "இல்லாததை ஓட்டச் சொன்னா ஓடல மேடம்" என்று அதற்கும் என்னிடம்தான் வருவார்கள். என் வருத்தம் அதில்லை. தப்பான பரிசோதனையைக் கேட்டாலும் சரியாக எழுதிக் கொடுத்துவிடும். 'உங்க ஆய்வுக்கு கன்ட்ரோல் குரூப்பே இல்லையே' என்று முகத்தைச் சுளிக்க அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றும்.

எல்லாம் ஓடி முடிந்தபிறகு வருவதுதான் கடைசிக் கட்டம். பி வேல்யூ என்ற எண் 0.05-க்குக் கீழே வந்தால்தான் ஆய்வு முடிவுக்கு மதிப்பு என்பது டாக்டர்கள் நம்பிக்கை. திரையில் 0.058 என்று நிற்கும்.

"மேடம், இது 0.05-க்குக் கீழ வரணுமே."

"வரலையே."

"கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க மேடம். பாயிண்ட் ஜீரோ ஜீரோ எட்டுதானே."

மறுநாள் கைடே போன் செய்வார். "என்னம்மா, பையன் பாவம், வேற ஏதாவது டெஸ்ட் போட்டுப் பாருங்களேன்." 0.05 என்ற எல்லையைப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் ஒரு புத்தகத்தில் வசதிக்காகச் சொல்லிவைத்தார். அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவுகட்டாதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் அறிக்கையே விட்டது. அந்த அறிக்கை எந்த கைடுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. இன்னும் சிலர் 60 பேரிடம் தரவு திரட்டிவிட்டு வந்து, "சாம்பிள் சைஸ் ஃபார்முலா போட்டுக் கொடுங்க மேடம், விடை 60 வரணும்" என்பார்கள்.

அதே ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவுக்கு வந்து, முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். ஆய்வை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதுதான், எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்ற பொருளில் பேசினார். நம் நாட்டு மண்ணில் நின்று, நமக்கே சொன்னது. பிரேதப் பரிசோதனைக்கு எங்கள் கல்லூரியில் தனித் துறை இருக்கிறது. அது அடுத்த கட்டடம். ஆனாலும் எல்லாரும் என் அறைக்கே வருகிறார்கள்.

ஆகவே, தீசிஸ் எழுதப்போகும் டாக்டர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் நோயாளியிடம் கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வாருங்கள். என்னென்ன பத்தி, எதை எப்படி எழுதுவது என்று அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். பிறகு ஏதாவது ஓடாவிட்டால், சிவப்பு எழுத்தை மூடாமல் அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். இருநூறு நோயாளிகளும் வேண்டாம்; நோயாளியின் பெயரை நீக்கிவிட்டு, அதே பிழை வரும்படி பத்து வரித் தரவு போதும். அதைத் தயார் செய்யும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அட்டெண்டர் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். அப்படியும் ஓடாவிட்டால் உள்ளே வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். பி வேல்யூவை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.