ஐ.பி. அப்பா

ஈஞ்சம்பாக்கத்திலோ நாவலூரிலோ அடுக்குமாடிக் குடியிருப்பு எதிலாவது நுழைந்து பாருங்கள், இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் பாடத்திட்டத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஓர் ஐ.பி. அப்பா அகப்படுவார். பையன் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டுவிடாதீர்கள். ஆறாவது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "எம்.ஒய்.பி. ஒன்" என்பார். நாம் திருதிருவென விழித்ததும் முகம் மலர்ந்து, பூர்வீகக் கிராமத்தைப் பற்றிச் சொல்வதுபோல, "1968ல ஜெனிவாவுல ஆரம்பிச்சாங்க சார்" என்று தொடங்கிவிடுவார்.

அவரே கோனார் உரையை உருப்போட்டு, பொறியியல் கலந்தாய்வில் வரிசையில் நின்று மேலே வந்தவர்தான். இப்போது மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைச் சுளிக்கிறார். "எங்க ஸ்கூல்ல மார்க் பைத்தியமே கிடையாது சார்." ஐ.பி. டிப்ளமோ படிக்கும் மூத்த மகளைப் பற்றிக் கேளுங்கள். 6 பாடம், பாடத்துக்கு 7, ஆக 42. அறிவுக் கோட்பாட்டுக்கும் 4,000 சொல் கட்டுரைக்கும் சேர்த்து 3. மொத்தம் 45 என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அது மார்க் இல்லையாம், பாயின்ட்டாம். அந்தப் பாயின்ட்டுக்காக வாரம் மூன்று நாள் டியூஷன் வாத்தியார் வந்துபோவதைச் சொல்ல மாட்டார்.

ஃப்ரிட்ஜ் கதவில், ஐ.பி. பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய பத்துக் குணங்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. பசி வந்தால் பறந்துபோகிற பத்து இல்லை. பணம் கட்டினால் வந்து சேர்கிற பத்து. துணிச்சல் அதில் ஒன்று. பையன் இன்றுவரை மாநகரப் பேருந்தில் ஏறியதில்லை. தேடி அறிதல் இன்னொன்று. கென்யாவின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் படம் வரைந்து விளக்குகிறான். தன் வீட்டுத் தொட்டியை நிரப்பும் தண்ணி லாரி எந்த ஊர்க் கிணற்றை வற்றவைத்துவிட்டு வருகிறது என்று அவனும் கேட்டதில்லை, கேட்கச் சொல்லி யாரும் வீட்டுப்பாடம் கொடுத்ததுமில்லை.

பாடத்திட்டத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நமக்குத் தெரிந்தது நமக்கு எப்படித் தெரிந்தது என்று பதினாறு வயதில் யோசிக்கவைப்பது பெரிய காரியம். என்னை யாரும் அப்படி யோசிக்கவிட்டதில்லை. ஆனால் இந்த நற்குணங்களுக்கெல்லாம் தூரப்பார்வைதான். கடல் தாண்டி இருப்பவர்மேல் பொங்குகிற பரிவு, காம்பவுண்ட் கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணைக் கசக்குகிறது.

மூத்தவளுக்குச் சேவையும் பாடத்தோடு சேர்த்தி. அதற்குப் பாயின்ட் கிடையாது; முடிக்காவிட்டால் டிப்ளமோவே கிடையாது. ஆகவே சனிக்கிழமைதோறும் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். படம் எடுத்தாகிறது, 'இந்த அனுபவம் என்னை எப்படி மாற்றியது' என்று பதிவும் எழுதியாகிறது. காரில் கொண்டுவிடும் டிரைவரின் மகள் அதே பள்ளியில்தான், முதல் பெஞ்சில். மூன்று மாதம் கழித்துத்தான் அப்பாவுக்கு இது தெரிந்தது.

"ஏம்ப்பா, சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே சார்."

திறந்த மனத்தைப் பற்றி அப்பா பேசும்போது நமக்கே கண் கலங்கும். நம்மோடு மாறுபடுகிறவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாமாம். குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப்பில், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் வர வேண்டும் என்று தீர்மானம் வந்தபோது, முதல் கட்டைவிரல் அவருடையது.

சின்னவன் ஒருநாள் கேட்டுவிட்டான். "ஏம்ப்பா, சமையல் அக்கா ஏன் நம்ம லிஃப்ட்ல வரக் கூடாது?"

அப்பா ஒரு கணம் தடுமாறினார். பிறகு நெகிழ்ந்துபோனார். "சூப்பர் கொஸ்டின்டா கண்ணா! இதையே ப்ராஜெக்ட்டா பண்ணு!"

பண்ணினான். 'சமத்துவமும் லிஃப்டும்' என்று ஆளுயரத்துக்கு வண்ணப் பலகை. பள்ளிக் கண்காட்சியில் ஒரே கைதட்டல். வரவேற்பறையில் மாட்ட அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். கனமான கனம். கீழேயிருந்து பதினோராவது மாடிக்குச் சமையல் அக்காதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார், சர்வீஸ் லிஃப்டில்.