சிவப்பு ஒயினும் பீன்ஸ் சட்டியும்: துவர்ப்பியல் நோக்கில் ஓர் ஆய்வு

தென் பிரான்சில் கார்கசோன், நார்போன் ஆகிய நகரங்களுக்குத் தெற்கே விரியும் கொர்பியேர் மலைப்பகுதியின் சிவப்பு ஒயினை எவ்வாறு சுவைப்பது, எதனுடன் உண்பது என்னும் இரு வினாக்களும் அற்பமானவையாகத் தோன்றக்கூடும். எனினும், முதல் வினா ஒயினியல் மாணவர் 54 பேரைத் தலைகுனிய வைத்தமையாலும், இரண்டாம் வினாவுக்கு விடையான உணவு மூன்று நகரங்களைப் பங்காளிகளாக்கி விட்டமையாலும், இவை முறையான ஆய்வுக்கு உரியவை என்பது தெளிவு. 1985ஆம் ஆண்டில் தோற்றப் பெயர்த் தகுதி, அதாவது குறித்த நிலத்தில் குறித்த முறைப்படி செய்யப்பட்டதற்கே அப்பெயர் உரியது என்னும் சட்டக் காப்பு பெற்ற இவ்வொயின், கரின்யான், கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் முதலிய திராட்சை வகைகளின் கலப்பாகும்.

சுவைத்தல் என்னும் வினை காண்டல், முகர்தல், நாவிலிடல், துப்பல் என நால்வகைப்படும். காண்டலாவது, கண்ணாடிக் கோப்பையை வெள்ளை மேசைவிரிப்பின்மேல் சாய்த்து விளிம்பை நோக்குதல். விளிம்பு ஊதா நிறமாயின் ஒயின் இளமையுடையது, செங்கல் நிறமாயின் முதிர்ந்தது.

முகர்தலில் முதன்மையானது ‘காரீக்’ எனப்படும் மணம். சுண்ணாம்புக் குன்றுகளில் தைம், ரோஸ்மேரி முதலிய செடிகள் வெயிலில் காய்ந்து கிடக்கும் புதர்க்காட்டின் பெயரே இம்மணத்துக்கும் ஆகிவந்தது. அடுத்து, மிளகு மணக்கிறது என்பாரும் உளர். இவர்களை எள்ளுதல் தகாது. ரொட்டண்டோன் என்னும் ஒரே சேர்மம் மிளகிலும் சிரா திராட்சையிலும் மணப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் நிறுவினர். குதிரைச் சேணம் மணக்கிறது என்போர் தரப்பில் சேணத்தை முகர்ந்தவர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

மூக்கின் சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் எனின், 2001இல் வெளியான போர்தோ ஆய்வு விடை கூறும். மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை முகர்ந்த அந்த 54 மாணவரும், சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே பெரும்பாலும் அதை வருணித்தனர். ஆகவே மூக்கு என்பது கண்ணுக்கு அடங்கிய உறுப்பு என்பது பெறப்படும்.

எஞ்சியிருக்கும் நேர்மையான சாட்சி நாக்கு ஒன்றே. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கின் வழவழப்பு நீங்கி வாய் இழுத்துப் பிடிக்கிறது. நாவற்பழம் தின்றவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. மேலை அறிவியலார் பலர் இதைத் தொடுவுணர்வு என ஒதுக்க, தமிழ் மரபோ துவர்ப்பு எனப் பெயரிட்டு அறுசுவையுள் இடமளித்துள்ளமையால், இத்துறையின் அடிப்படைக் கலைச்சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவை எழவில்லை.

நான்காம் வினையான துப்பல், ஒரே நாளில் பல ஒயின்களைச் சோதிக்கும் வல்லுநர் தலைசுற்றாதிருக்கக் கைக்கொள்ளும் நெறி. துப்பியவருக்கு உணவுப் பொருத்தம் விளங்காது என்பது விழுங்குவோர் மரபினரின் மறுப்பு. அதுவே இங்குக் கொள்ளப்படுகிறது.

இனிப் பொருத்தம். ‘கசூலே’ என்பது ஊறவைத்த வெள்ளை பீன்ஸ், தன் கொழுப்பிலேயே வெந்த வாத்து, பன்றி இறைச்சி ஆகியவை வாய் அகன்ற மண்சட்டியில் மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்து உருவாகும் உணவு. மேலே பழுப்பு ஏடு படியும், கரண்டியின் புறத்தால் அதை மெல்ல உள்ளே அமுக்க, சாறு மேலெழுந்து மீண்டும் ஏடு படியும், இவ்வாறு பலமுறை. இவ்வுணவின் புரதமும் கொழுப்பும் டானினின் பிடியைத் தளர்த்துவதால் நாக்கு தப்புகிறது. டானினோ வாயில் படிந்த கொழுப்பை வழித்தெடுத்து அடுத்த கவளத்துக்கு இடம் செய்கிறது. துவர்ப்பைக் கொழுப்பும் திகட்டலைத் துவர்ப்பும் தீர்க்கும் இவ்வுறவில் கடன்பட்டவர் எவருமில்லை. மீனுடன் சேர்த்தால் என்ன எனின், ஒயினிலுள்ள இரும்பு கவிச்சையை மிகுவிக்கும் என்பதால் அது விலக்கப்பட்டது.

கசூலேயின் பிறப்பிடம் கஸ்தெல்நோதாரியா, கார்கசோனா, துலூஸா என்னும் வழக்கை, சமையல் வல்லுநர் ப்ரோஸ்பேர் மோந்தாஞ்ஞே அம்மூன்றையும் முறையே தந்தை, மகன், தூய ஆவிக்கு ஒப்பிட்டுத் தணிக்க முயன்றார், வழக்கு தணியவில்லை. அதன் தீர்ப்பு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தீர்ப்புக்குக் காத்திருந்தால் சட்டி ஆறிவிடும்.