நாலு விரற்கடை மருந்து

டெக்சஸில் இருக்கும் என் அக்கா மகன் புது ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். 6.5 கிரீட்மோர். 2007-இல் ஹார்னடி கம்பெனி, காகிதத்தில் ஓட்டை போடும் போட்டிக்காரர்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த தோட்டா அது. இப்போது வேட்டைக்காரர்களும் அதையே தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. கடைத் தோட்டா இவனுக்குப் பிடிக்கவில்லை. தன் துப்பாக்கிக்குத் தானே கெட்டித்துக்கொள்கிறான்.

வாரம் தவறாமல் வீடியோ காலில் அந்த வேலையைக் காட்டுவான். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் ஒரு மேசை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை அச்சில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறான். நீண்டுவிட்ட கழுத்தை நறுக்குகிறான். அடியில் பிரைமரைச் செருகி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்துகிறான். மருந்துக்குக் கணக்கு கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் என்றால் 64.8 மில்லிகிராம். அவன் தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். எங்கள் பொதட்டூர்பேட்டை ஆசாரி தாலிக்குத் தங்கம் நிறுக்கும்போதுகூட மூச்சை இவ்வளவு அடக்கியதில்லை.

"0.3 கிரெயின் கூடினா குரூப் விரியுது மாமா."

புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டுமாம். ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டா. நூறு கஜத்தில் ஒட்டிய காகிதத்தில் சுட்டு, மூன்று ஓட்டையும் எங்கே நெருங்கி உட்காருகின்றன என்று பார்ப்பான்; அந்தக் கூட்டம்தான் குரூப். ஓர் அங்குலத்துக்குள் அடங்கினால் சுமார். அரை அங்குலம் என்றால் போட்டோ வரும், நானும் கட்டைவிரல் அனுப்புவேன். மறு வாரம் அதே மருந்தும் அதே குண்டும் ஒன்றரை அங்குலத்துக்கு விரிந்திருக்கும். மூன்று ஓட்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள், பாதி யோகம்தான் என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவனுக்கும் தெரியும். ஆனால் யோகத்தை ஒப்புக்கொண்டால் தராசு எதற்கு?

இனி தாத்தாவின் மேசை. மேசை ஏது? திண்ணைதான்.

அவருடையது குழல் வாய் வழியாகக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல். சர்க்கார் காகிதத்தில் எஸ்.பி.எம்.எல்., ஊர் வாயில் நாட்டுத் துப்பாக்கி. மாட்டுக் கொம்பில் கரிமருந்து இருக்கும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டுக் குழலில் விடுவார். அதன்மேல் நார். மற்ற ஊர்களில் தேங்காய் நார் வைப்பார்கள். எங்களுடையது நெசவு ஊர், ஆகவே தறிக் கழிவு நூலைப் பந்தாகச் சுருட்டி வைப்பார். இடிகம்பியால் இடிப்பார். பிறகு ஈய ரவை, மேலே இன்னும் கொஞ்சம் நூல், மறுபடி இடி. கையில் ரவை இல்லாத நாளில் சைக்கிள் பால்ரஸும் உள்ளே போனதுண்டு. கடைசியாக இடிகம்பியைக் குழலிலேயே நிறுத்தி, வாய்க்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரலை வைத்து அளப்பார். முயலுக்கு இவ்வளவு, பன்றிக்கு இவ்வளவு என்று கணக்கு. பன்றிக்கு நாலு விரற்கடை.

யாருடைய விரல் என்று நாங்கள் கேட்டதில்லை. அவருடைய துப்பாக்கி, அவருடைய விரல். என் மருமகன் தன் குழலுக்கென்றே ஒரு லோடு கண்டுபிடிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வது இதைத்தானே? அவனுக்கு அதற்கு டிஜிட்டல் தராசும், குண்டின் வேகத்தை அளக்கும் கருவியும், எக்செல் ஷீட்டும் வேண்டியிருக்கிறது.

குறி தப்பாத சூரர் என்று தாத்தாவை ஊரில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்தக் குழலின் உள்ளே மரை கிடையாது. ரவை வெளியே வந்ததும் தன் இஷ்டத்துக்குச் சிதறும். ஒரு முறை வெடித்தால் புகை கலைந்து, மறுபடி மருந்து, நூல், ரவை, இடி, பொறி வைக்கும் கேப்பு என்று முடிப்பதற்குள் பன்றி நகரி மலையைத் தாண்டியிருக்கும். பனிக் காலத்தில் கேப்பு நமத்துப் போய்ப் 'புஸ்' என்று சிரிக்கும். இப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் செய்யக்கூடியது ஒன்றுதான்: கிட்டே போவது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடலைக்கொல்லை வரப்பில் ஊர்ந்து, இருபது தப்படிக்குள் வந்த பிறகே கேப்பை மாட்டுவார். குறியெல்லாம் காலில் இருந்தது. கையில் இருந்தது சத்தம் மட்டும்.

இதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் நரிக்குறவர்கள். கிருத்திகைக்குத் திருத்தணி மலையடியில் பாசிமணி விற்க வருபவர்கள் சில சமயம் எங்கள் பக்கமும் வருவார்கள். குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தே, "சாமி, ஒரு பக்கமா இழுக்குது" என்று சொல்லிவிடுவார்கள். சுத்தியல் சுருள் உடைந்தால் சரிசெய்து தருவதும் அவர்கள்தான். கவுதாரியும் காடையும் அவர்கள் கையில் தொங்காத நாளை நான் பார்த்ததில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அனுமதியில்லாத வேட்டை குற்றமானது. அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேடர் குலத்து வள்ளியை முருகன் கைப்பிடித்த மலை என்று தலபுராணம் சொல்லும் ஊர்ப்பக்கம் இது. வேடர்களுக்கு ஒரு சான்றிதழ் வர இவ்வளவு நாள்.

எங்கள் துப்பாக்கியின் கதை இன்னும் வேடிக்கை. அது வீட்டுச் சுவரைவிட்டு அதிகம் நகர்ந்ததில்லை. ஆனால் அதைச் சுற்றி மாநிலமே நகர்ந்தது. முதல் லைசென்ஸ் சித்தூர் ஜில்லாவுக்குரியது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தாலுக்காவும் சுற்றுப்பட்டுக் கிராமங்களும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன; ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தால் கிடைத்த பலன். தாத்தா தெலுங்கில் எழுதிய காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் செங்கல்பட்டு ஜில்லா காகிதத்துக்காக பஸ் ஏறினார். பிறகு 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. தாத்தா பேர், அப்பா பேர், என் பேர் என்று காகிதத்தின்மேல் காகிதம். லைசென்ஸில் இன்றும் காரணம் பயிர்ப் பாதுகாப்பு. 1959 ஆயுதச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார்கள். சுடத்தான் கூடாது.

அப்பா காலத்திலிருந்தே அந்தக் குழலில் மருந்து போகவில்லை. நான் அதற்குக் கெட்டிப்பதெல்லாம் காகிதம். புதுப்பிக்கும் விண்ணப்பம், போட்டோ, ஆதார் நகல், தேசியப் பட்டியலில் ஏறிய யு.ஐ.என். நம்பர். முன்பு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டு. இதில் துல்லியம் முக்கியம். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறினால் குரூப் விரிந்துவிடும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று ஜனநாயகம் எங்கள் பக்கம் செழிப்பாகவே இருக்கிறது. பழைய கோணிப்பையில் சுற்றி, டிவிஎஸ் வண்டியில் வைத்து எடுத்துப் போவேன். இந்தத் தொகுதியின் முடிவை மாற்றிவிடும் என்று அதைப் பார்த்த எவரும் பயப்பட மாட்டார். "இது வெடிக்குமா சார்?" என்று ஓர் இளம் காவலர் கேட்டார். வெடிக்கும் என்றால் சந்தேகம் வரும், வெடிக்காது என்றால் லைசென்ஸ் எதற்கு என்ற கேள்வி வரும். "தாத்தாவுக்கு வெடிச்சுது" என்றேன்.

பன்றிக்கு இந்தச் சட்டம் முழுதும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நகரி மலைப் பக்கமிருந்து இறங்கி வந்து, கடலைக் கொடியை வேரோடு புரட்டிவிட்டு விடியுமுன் போய்விடுகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும். ஆகவே கொல்லையில் நிற்கிற பன்றியைப் பார்த்தால் முதலில் அளவு நாடாவைத் தேட வேண்டும். நாங்கள் நாடா தேடுவதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய புடவைகளை வேலியாகக் கட்டுகிறோம். காற்றில் ஆடும் துணியைப் பார்த்து ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி ஒதுங்கும் என்பது நம்பிக்கை. முதல் இரண்டு வாரம் ஒதுங்குகிறது.

டெக்சஸில் கணக்கு நேர் எதிர். ஸ்பானியர் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் காடேறிப் பெருகி, லட்சக்கணக்கில் திரிகின்றன. 2019 செப்டம்பரிலிருந்து, நிலத்துக்காரர் சம்மதித்தால் பன்றியைச் சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம். ஆனால் என் மருமகன் வேலை விசாவில் இருப்பவன். அமெரிக்கச் சட்டப்படி அப்படிப்பட்டவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் வைத்திருக்கலாம். அதாவது பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம், துப்பாக்கிக்காக வேட்டை லைசென்ஸ் வேண்டும். வாங்கிவிட்டான். எனக்குத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி, வேட்டைக்குத் தடை. அவனுக்கு வேட்டைக்கு அனுமதி, அதனால் துப்பாக்கி. இதைக் கேட்டால் தாத்தா இரண்டு பேர் முதுகிலும் இடிகம்பியால் ஒன்று வைத்திருப்பார்.

தாத்தா காலத்து ஆள் யாராவது அவன் கொட்டகையைப் பார்த்தால், இவன் வருஷம் முழுக்க ஊருக்கே கறி போடுவான் என்றுதான் எண்ணுவார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். போன மாசம், எங்கள் கொல்லையில் பாதிக் கடலை போன மறுநாள், எரிச்சலில் கேட்டேன்.

"இதுவரைக்கும் எத்தனை பன்னிடா அடிச்ச?"

"இன்னும் போகல மாமா. லோடு இப்பத்தான் செட் ஆச்சு. இருநூறு கஜத்துல தேங்கா மூடி சைஸ்ல விழுது."

"அப்பறம் என்ன? கிளம்ப வேண்டியதுதானே."

"அது குளிர்ல பார்த்தது மாமா. இங்க வெயில் ஏறிடுச்சு. சூட்டுல மருந்தோட பிரஷர் மாறும், வேகம் மாறும். வெயிலுக்குன்னு திரும்ப முதல்லேருந்து பார்க்கணும்."

"பன்னி வெயில்ல வராதுடா. ராத்திரிதான் வரும்."

அவன் சற்று யோசித்தான். பக்கத்தில் இருந்த நோட்டை இழுத்துக்கொண்டு, "ராத்திரி டெம்பரேச்சர் தனியா எடுக்கணும்" என்று எழுதத் தொடங்கினான்.