வலைக்குப் பின்னால் ஓர் அப்பா

மார்ச் மாதம் வந்தால் வட கரோலினாவின் கேரி நகரில் பைன் மரங்கள் மஞ்சள் மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கும். கார், தபால் பெட்டி, மூக்கு என்று எதையும் விடாது. அதே பருவத்தில் வீடுகளின் கொல்லைப்புறத்தில் இன்னொன்றும் முளைக்கும்: மகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக் கொடுக்கும் அப்பா.

அமெரிக்கர்கள் இவரை 'வாளி அப்பா' என்கிறார்கள். ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளியில் பந்துகளை நிரப்பி, மெத்தை வைத்த மூடியைப் போட்டு, அதன்மேல் குந்தியிருந்து மகள் வீசும் பந்தைப் பிடிப்பதால் அந்தப் பட்டம். சாஃப்ட்பால் ஆடும் ஊர்களிலெல்லாம் இந்த இனம் உண்டு. அதன் தமிழ்க் கிளையைப் பற்றித்தான் எனக்கு நேரடி ஞானம்.

வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். மென்பொருள் நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட்; இதுவரை ஒரு செங்கல் வைத்தவரில்லை. மதுரையில் தெருக் கிரிக்கெட் ஆடிய காலத்தில் அணியின் துணைத் தலைவராக இருந்ததாகச் சொல்லிக்கொள்வார். தலைவர் யார் என்றால், "பேட்டு அவனோடது" என்பார். முப்பது வயதுவரை பேஸ்பாலைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்று 'இன்ஃபீல்டு ஃப்ளை' விதியைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி விளக்குவார். பாயசம் ஆறும், விதி முடியாது.

மகளுக்கு வயது பத்து. அந்த வயதுச் சிறுமிகள் ஆடும் பந்து 11 அங்குலச் சுற்றளவு கொண்டது. பேஸ்பாலே ஒன்பது அங்குலத்தைச் சற்றுத்தான் தாண்டும். பிட்சர் 35 அடி தூரத்தில் நின்று, கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழே பந்தை விடுவிக்க வேண்டும். வேகம் முதல் வருடமே வந்துவிடுகிறது. திசை அடுத்த வருடம்தான் வருகிறது. இடைப்பட்ட காலத்துப் பந்துகளுக்கெல்லாம் அப்பாவின் முழங்கால் சில்லும் கெண்டைச் சதையும்தான் எல்லைக்கோடு. ஒருநாள் வாளியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு மனைவியின் தோள் தேவைப்பட்டது. "ஏங்க, இதுக்கு ஒரு மெஷின் கிடையாதா?" என்றார் அந்த அம்மாள். முதுகில் தைலம் தேய்க்கும் சலிப்பில் கேட்ட கேள்வி. நம்மவர் அதைத் தொழில்நுட்பக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

மெஷின் இல்லை, வலை இருக்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வலையை எலாஸ்டிக் கயிறுகளால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். எறிந்த பந்து வலையில் பட்டு, எறிந்தவரிடமே திரும்பும். ரீபவுண்டர் என்று பெயர். துணைக்கு ஆள் இல்லாமல் பிள்ளை தானாகவே எறிந்து, தானாகவே பிடித்துப் பழகலாம். கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கி வந்திருந்தால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். நம்மவர் எக்செல் திறந்தார். குழாயின் கனம், வலைக் கண்ணியின் அளவு, முடிச்சுள்ள வலையா முடிச்சில்லாததா, எத்தனை கோணத்தில் சாயும் என்று பத்திகள் வளர்ந்தன. வீட்டுக் கடனுக்கு வங்கியைத் தேர்ந்தெடுத்தபோதுகூட அவர் இவ்வளவு தூக்கம் கெட்டதில்லை.

பெட்டி வந்தது. வழிகாட்டிப் புத்தகத்தைப் படிப்பது ஆர்க்கிடெக்டுகளின் கௌரவத்துக்குக் குறைவு என்பதால், கயிறுகளை இடப்பக்கம் முழுக்கக் கட்டி முடித்துவிட்டு வலப்பக்கம் போனார். வலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிக் கட்டினால்தான் இழுவிசை சமமாகும். இதை அவர் மகள் படத்தைப் பார்த்துச் சொன்னாள். அடுத்து, சட்டத்தைத் தரையோடு பிணைக்கும் முளை. கேரியின் செங்களிமண் மழையில் சேறு, வெயிலில் ஓடு. இரண்டுக்கும் நடுவில் முளை இறங்கும் நாள் வருடத்தில் சொற்பம். கடைசியில் மணல் மூட்டை வைத்துத்தான் சட்டத்தை நிறுத்தினார்கள். மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த தாத்தா, முழுவதையும் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார்.

"கயித்துக் கட்டில நட்டமா நிறுத்தி வச்சிருக்க. எதுக்குப்பா?"

"பாப்பா பந்து எறிஞ்சு பிடிச்சுப் பழகணும்ப்பா."

"இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒரு செவுரு கூடவா இல்ல?"

நான் இதுவரை கேட்ட கேள்விகளில் அமெரிக்கப் புறநகரைப் பற்றிய மிகச் சரியான கேள்வி இதுதான். சுவர் இல்லை. மரச்சட்டம், அதன்மேல் வினைல் பலகை அல்லது சிமென்ட் நார்ப்பலகை, உள்ளே ஜிப்சம் அட்டை. பந்து பட்டால் வினைல் விரியும், கராஜ் கதவு குழியும். மதுரையில் கரிக்கட்டியால் மூன்று கோடு கிழித்தால் ஸ்டம்பு தயார். சுவருக்கு வலிக்குமே என்று எந்தப் பையனும் யோசித்ததில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். நியூயார்க்கின் புரூக்ளினில் வீட்டு வாசற்படியின் விளிம்பில் இளஞ்சிவப்பு ரப்பர் பந்தை அடித்து, திரும்புவதைப் பிடிக்கும் 'ஸ்டூப்பால்' தெருவுக்குத் தெரு நடந்தது. புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தப் படிக்கட்டு கூட வரவில்லை. எதிரே நின்று பந்து பிடிக்கும் பக்கத்து வீட்டுப் பையனும் வரவில்லை. அவன் எங்கோ நீச்சல் வகுப்பில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் பதிலாகத்தான் வலையை விற்கிறார்கள் என்பது என் கட்சி.

தாத்தாவின் கேள்விக்கு நம்மவர் வரலாற்றிலிருந்து பதில் சொன்னார். ஆஸ்திரேலியாவின் பௌரலில் சிறுவன் டான் பிராட்மன், தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, கோணல்மாணலாகத் திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகினார். டெஸ்ட் சராசரி 99.94. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த ஓஸி ஸ்மித், வீட்டு முன்படியின் கான்கிரீட்டில் பந்தை எறிந்து, ஒவ்வொரு எறிக்கும் ஓரடி நெருங்கி நின்று பிடித்துப் பார்ப்பார். 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 கோல்டு கிளவ் விருதுகள். தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க அப்பன்மாரு பக்கத்துல நின்னாங்களா?" என்றார்.

பதில் வரவில்லை. அப்பா பக்கத்தில்தான் நின்றார். அதுவும் வலைக்குப் பின்னால்.

தானாகப் பழகத்தானே வலை? உண்மைதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? சட்டத்தின் தலையைப் பின்னால் சாய்த்தால் பந்து வில்லாக உயர்ந்து வரும். அண்ணாந்து பிடிக்கும் கேட்சுக்குப் பயிற்சி. முன்னால் சாய்த்தால் தரையில் துள்ளி வரும். குனிந்து அள்ளுவதற்குப் பயிற்சி. செங்குத்தாக நிறுத்தினால் நெஞ்சுக்கு நேராகப் பாயும். கயிறு இறுகியிருந்தால் சீறும், வெயிலில் தளர்ந்துவிட்டால் சோம்பும். பந்தின் சுழற்சி இதில் எதையும் மதிக்காமல் போக்கை மாற்றும். இதையெல்லாம் அவர் வெள்ளைப் பலகையில் வரைந்தார். கோணமானி ஒன்று வாங்கினார். குழந்தை அதற்குள் எறிந்து பிடித்து, தவறவிட்டு, ஓடி எடுத்து, மறுபடி எறிந்து, எந்தக் கோணத்துக்கு எங்கே நிற்பது என்று காலாலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

"முழங்கை கண்ணு! முழங்கை!"

"அப்பா, நெட்டு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுப்பா. பந்தை மட்டும் திருப்பிக் குடுக்குது."

"அதான் சொல்றேன், நெட்டுக்குத் தெரியாது. நான் சொல்றேன்ல?"

வலையின் தனிச்சிறப்பே அந்த மௌனம்தான் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? நன்றாக எறிந்தால் பந்து கைக்கு வரும். கோணலாக எறிந்தால் வேலியோரப் புதருக்குப் போகும். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை, 'உன் வயசில் நான்' என்ற முன்னுரையும் இல்லை. புதருக்கு ஓடி எடுப்பதுதான் பாடம். அந்தப் புதரில் காப்பர்ஹெட் விரியன் இருக்கலாம் என்று நம்மவர் நீண்ட இடுக்கி ஒன்றையும் வாங்கி வைத்தார். தாத்தா வேப்பங்குச்சி தேடிய அனுபவத்தில் வெறுங்கையோடு நுழைந்து பந்துகளைப் பொறுக்கி வந்தார்.

பின்பு எறிகளை எண்ணும் வேலை தொடங்கியது. இந்த இடத்தில் நம்மவரைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அமெரிக்க பேஸ்பாலின் தேசிய அமைப்புக்கு இதே கேரியில்தான் பயிற்சி வளாகம் இருக்கிறது. அந்த அமைப்பும் மேஜர் லீகும் சேர்ந்து 2014-இல் 'பிட்ச் ஸ்மார்ட்' வரம்புகளை வெளியிட்டன. ஒன்பது, பத்து வயதுப் பையன் ஒருநாள் ஆட்டத்தில் 75 பந்துக்கு மேல் வீசக்கூடாது. முழங்கைத் தசைநார் கிழிந்ததால் 1974-இல் டாமி ஜான் என்ற வீரருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சை, இன்று பள்ளிப் பையன்கள்வரை இறங்கிவிட்டதால் வந்த கட்டுப்பாடு. நம்மவருக்கு இது தெரியும். ஆனால் "அது பேஸ்பாலுக்கு. சாஃப்ட்பால் கீழ்க்கை வீச்சு, இயற்கையான அசைவு, எவ்வளவு வேண்டுமானாலும் எறியலாம்" என்ற மைதானத்து நம்பிக்கையும் அவரிடம் இருந்தது. அப்படி எறிந்த பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கும் மருத்துவர்கள் இதை ஒப்புவதில்லை. எதிரே ஆள் இருந்தால் அவருக்குக் கை வலிக்கும், கொசு கடிக்கும், "போதும்மா" என்பார். வலைக்கு எதுவும் வலிக்காது. எக்செல்லில் ஒருநாள் 300 என்று பதிந்திருந்ததைப் பார்த்து அந்த அம்மாள் மடிக்கணினியை மூடினார். மறுநாளிலிருந்து வரம்பு வந்தது. விதித்தவர் அவர்தான்; பிட்ச் ஸ்மார்ட் அல்ல.

இத்தனை வேகம் எதற்கு? கேட்டால் நைஜாரி கனடி என்பார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2024-இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறிய சாஃப்ட்பால் பிட்சர். அந்த ஒரு வருடத்துக்கு அவர் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் ஒப்பந்தம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. நம்மவர் அதை ரூபாயில் பெருக்கி, மதுரையில் அண்ணாநகரா கே.கே.நகரா என்பதுவரை போய்விட்டார். மகள் அப்போது நான்காம் வகுப்பு.

வலையோடு வந்த எச்சரிக்கைகளில் முக்கியமானது, மட்டையால் அடித்துப் பழகக்கூடாது என்பது. அடிக்கும் பந்தை வாங்கி விழுங்க வேறு தளர்ந்த வலை உண்டு. இது திருப்பித் தரும் வலை. வழிகாட்டியைப் படிக்காத மனிதர் ஒருநாள் பிள்ளை தூங்கிய பிறகு, கொல்லை விளக்கைப் போட்டு, ஸ்டாண்டில் பந்தை வைத்து, மதுரை நினைப்பில் முழு வீச்சில் ஓர் அடி அடித்தார். வலை தன் கடமையைச் செய்தது. பத்து வயதுப் பெண் முகக்கவசம் மாட்டித்தான் பந்து வீசுகிறாள். துணைத் தலைவர் மாட்டவில்லை. நல்லவேளை, தொடை. பந்தின் தையல்வரை தெளிவாகப் பதிந்திருந்ததாகக் கேள்வி. அலுவலகத்தில் மேசை இடித்ததாகச் சொன்னார்.

அடுத்த வாரம் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. விளையாட்டுச் சாதனம் தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிறதாம். வலையை மூன்றடி நகர்த்தினார்கள். நகர்த்திய இடம் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த புல்வெளி. பந்து ஓடிய திசையில் அடுத்த வீட்டுப் பையன் வந்தான். அவன் தங்கை வந்தாள். எதிர் வீட்டுச் சீனப் பெண் கையுறையோடு வந்தாள். தனியாகப் பழக வாங்கிய சாமான், மாலையில் ஆறேழு பிள்ளைகளுக்குக் கோல்போஸ்ட் ஆகிவிட்டது. கால்பந்து உதைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று நம்மவர் ஜன்னலிலிருந்து கத்திப் பார்த்தார்.

நான் இதில் பிள்ளைகள் கட்சி. நம் எறியின் பிரதியை மட்டுமே வலை திருப்பித் தருகிறது. ஆட்டத்தில் வருவது அடுத்தவர் பந்து. ஏப்ரலில் நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டாம் பேஸில் நின்ற மகள், தலைக்கு மேல் தறிகெட்டு வந்த எறி ஒன்றை எம்பிப் பிடித்து ஓட்டக்காரியைத் தொட்டு அவுட் ஆக்கினாள். "கோணம் எனக்கு ஞாபகம் இருக்கு, எட்டு டிகிரி பின்சாய்வு," என்றார் அப்பா. அடுத்த வீட்டுப் பையன் தினமும் அப்படித்தான் கேவலமாக எறிவான் என்று மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

கேரிப் பக்கம் வரும் தமிழன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் வீட்டில் இட்லி நன்றாக இருக்கும், தாராளமாகப் போங்கள். கொல்லையில் நிற்பது என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெள்ளைப் பலகை இன்னும் கராஜில்தான் இருக்கிறது.