பார்டர் பரோட்டாவும் பிரெட் வகுப்பும்

பார்டர் பரோட்டா மணக்கிற ஊரில் இருந்துகொண்டு, பிரெட் செய்யக் கற்க வகுப்புக்குப் போகணுமா?
– வாசகி, தென்காசி

தாராளமாகப் போங்கள்; பாதிப் பாடம் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையிலேயே முடிந்துவிட்டதே! மாஸ்டர் வீச வீச, மாவு கிழியாமல் மெல்லிசாக விரிகிறதல்லவா? பிரெட் வகுப்பிலும் முக்கியமான பரீட்சை அதுதான்: பிசைந்த மாவில் ஒரு துண்டை இழுத்துப் பிடித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டு இடத்திலும் உழைப்பது மைதாவின் குளூட்டன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அடுமனைப் பயிற்சி நடத்துகிறது. கற்றுக்கொண்டால் கைத்தொழிலும் ஆகும்.

குற்றாலச் சாரலில் பிரெட் மாவு பொங்குமா?
– வாசகர், மேலகரம்

சீசனுக்கு வந்தவர்கள் அவசரமாகக் கிளம்புகிறார்களா என்ன? குளிர்ச்சியில் ஈஸ்ட்டும் நிதானமாகத்தான் வேலை செய்யும். இரு மடங்கு உப்பும்வரை காத்திருங்கள். மெதுவாகப் புளித்த மாவுக்கே ருசி அதிகம்.