கரண்டி விசாரணை

வீட்டு நனிசைவர் என்பவர் பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டவர்; கேள்வியை மட்டும் விடாதவர். பிறப்பால் சைவராக இருக்கலாம், ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் பாயா குடித்து வளர்ந்தவராகவும் இருக்கலாம். மாற்றம் பெரும்பாலும் வெளியூர் வேலையின் இரண்டாம் ஆண்டில் நிகழ்கிறது. இரவு ஓர் ஆவணப்படம் பார்க்கிறார், காலையில் வீட்டுக்குப் போன் போட்டு அறிவிக்கிறார். ‘வீகன்’ என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. ‘நனிசைவம்’ என்பது அதற்குத் தமிழில் வழங்கும் பெயர். பாட்டிமார் வாயில் இது ‘நனஞ்ச சைவம்’ ஆகிவிடுகிறது.

தனியாக அறை எடுத்துத் தங்கும் நனிசைவரால் யாருக்கும் தொல்லை இல்லை. இவ்வகையின் முழு இயல்பும் வெளிப்படுவது குடும்பத்தில்தான். சென்னைப் புறநகர் வீடு ஒன்றின் இரவுச் சமையலை எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்குச் சர்க்கரை; கேழ்வரகு தோசை இரண்டு. பாட்டிக்கு விரத நாளில் வெங்காயம், பூண்டு ஆகாது. தம்பிக்கு முட்டை தோசை, அதற்குத் தனிக் கல். அப்பா ‘எனக்கு எதுன்னாலும் சரி’ என்பார். எது வந்தாலும் ‘வேற ஒண்ணும் இல்லையா’ என்பார். கல்லில் எண்ணெய் தேய்க்கச் சாதாரண நாளில் பாதி வெங்காயம், பாட்டியின் விரத நாளில் பாதி கத்தரிக்காய். இந்த ஏற்பாடு இருபது ஆண்டுகளாகச் சிக்கலின்றி நடந்து வந்தது. நனிசைவர் விடுமுறைக்கு வந்து அந்தக் கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இதை நெய்யில தொட்டீங்களா, எண்ணெயிலயா?”

விசாரணை நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது. முதல் கட்டம் மோப்பம். தட்டில் எதுவும் விழுவதற்கு முன்பே அடுக்களை வாசலில் நின்று ஒரு முறை மூச்சிழுப்பது. இரண்டாவது வாய்மொழி விசாரணை. இது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செல்லும்.

“இதுல நெய் இருக்கா?”

“இல்லப்பா.”

“தாளிச்சது எதுல?”

“நல்லெண்ணெய்.”

“எந்தக் கரண்டி?”

“தாளிக்கிற கரண்டிதான்.”

“காலைல பொங்கலுக்கு நெய்யில மிளகு வறுத்தியே, அந்தக் கரண்டியா?”

இந்த இடத்தில் சமைப்பவர் மௌனமாகிறார். இரும்புத் தாளிப்புக் கரண்டியைப் பல வீடுகளில் தேய்த்துக் கழுவுவதில்லை. துணியால் துடைத்து ஆணியில் மாட்டுவதோடு சரி. தேய்த்தால் துருப்பிடிக்கும், பதம் போய்விடும். ஆகவே அந்தக் கருப்புக் கரண்டிக்குள் கல்யாணமான நாளிலிருந்து தாளித்த நெய் அத்தனையும் இறங்கியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தோண்டி எடுப்பது அகழாய்வாளர் வேலை. சாப்பிட உட்கார்ந்தவர் வேலை அல்ல.

மூன்றாம் கட்டம் நேரடிப் பார்வை. ரசக் கிண்ணத்தைக் குழல்விளக்கின் கீழே சாய்த்து, மேலே மிதக்கும் வட்டங்களை எண்ணுவது. நல்லெண்ணெயும் வட்டமாகத்தான் மிதக்கும் என்பதால் இக்கட்டத்தில் தீர்ப்பு கிடைப்பதில்லை. வழக்கு நான்காம் கட்டமான குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றப்படுகிறது. ஒரு கரண்டி ரசம் டம்ளரில் ஊற்றி உள்ளே வைக்கப்படும். அரை மணி கழித்து மேலே வெள்ளை ஏடு படிந்திருந்தால் நெய். முறையில் தவறில்லை, நெய் குளிரில் உறையும், நல்லெண்ணெய் அப்படி உறையாது. ஆனால் ஒரு நாள் நல்லெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. சமைத்தவரின் பிறந்த வீடு நாகர்கோவில். கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போனது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும். டம்ளரில் ஏடு படிந்தது. குற்றம் நிரூபணமாயிற்று. அன்றிரவு நனிசைவர் வெறும் சோற்றை ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார். அதைக் கூடத்தின் நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்டார்.

மார்கழி மாதம். மறுநாள் காலை எண்ணெய்ப் பாட்டிலே அலமாரியில் வெள்ளையாக உறைந்து நின்று சாட்சி சொன்னது. நனிசைவர் அதைப் பார்த்தார். “ஓ” என்றார். மன்னிப்பு என்ற வகையில் இவ்வினத்திடமிருந்து கிடைப்பது இதுவே.

கடைப்பொருள்கள் வாய் திறக்காது என்பதால் அவற்றுக்கு விசாரணை செல்பேசி வெளிச்சத்தில் நடக்கும். பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது. அந்தப் புள்ளி பாலை அனுமதிக்கும். நனிசைவ உணவுக்கென இந்தியாவில் தனிச் சின்னம் உண்டு, தனி விதிமுறையும் 2022இல் வந்தது. பொடி எழுத்துகளில் 120 என்ற எண் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம், 904 அரக்கு என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். செடிகொடிகளில் கிடைக்காத பி12க்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார். வாங்கும்போது அதன் உறை மாட்டெலும்பிலிருந்து செய்த ஜெலட்டினா என்று மருந்துக் கடைக்காரரையும் விசாரிக்கிறார்.

கொள்கை விவாதம் எழும்போது இவர் திருக்குறளைத் துணைக்கு அழைப்பது வழக்கம். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறதே என்பார். அது துறவறவியலில் இருக்கிறது என்று தாத்தா நினைவூட்டுவார். மேலும், வள்ளுவர் எழுதியதே முப்பால், மூன்றில் ஒன்றையும் மறுக்கவில்லை என்பார். பாலும் தேனும் கலந்ததை அவர் எங்கே உவமையாகச் சொல்லியிருக்கிறார் என்று தொடங்கி, அது காமத்துப்பால் என்பதால் பேரப்பிள்ளை முன்னிலையில் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

இதில் வேடிக்கை, தமிழ் அடுக்களையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே நனிசைவம்தான். இட்லி, சாம்பார், வற்றல் குழம்பு, சுண்டல், புட்டு, எண்ணெயில் சுட்ட அதிரசம், கடலை மிட்டாய், தேங்காய்ப்பால் ஊற்றிய பருப்புப் பாயசம் எதிலும் மாடு குறுக்கிடுவதில்லை. ஆனால் நனிசைவர் கேட்பது இவற்றை அல்ல. முந்திரியை ஊறவைத்து அரைத்த ‘கிரீம்’, நிலக்கடலையை அரைத்து மிளகாய்க் காம்பு போட்டுப் புளிக்கவைத்த தயிர், திரியாத சோயாப்பால் காபி. சோயாப்பால் சூடான டிகாக்‌ஷனில் விழுந்ததும் திரிந்துபோவது டிகாக்‌ஷனின் புளிப்பாலும் சூட்டாலும். இவர் அதைச் சமைப்பவரின் மனத்தடையால் என்று கருதுகிறார்.

விசாரணையின் எல்லை வீட்டு வாசற்படி. ஓட்டலில் இவர் ஒரே ஒரு முறை கேட்பார்: “இதுல நெய் இருக்கா?” அடுக்களைப் பக்கமே போயிராத சர்வர் “இல்ல சார்” என்று அடுத்த மேசைக்கு நகர்ந்துகொண்டே சொல்வார். அது போதும். மூக்கு நுழையாது, கிண்ணம் சாயாது. கல்யாணப் பந்தியில் அந்த ஒரு கேள்வியும் இல்லை; “அங்க போய்க் கேட்டா நல்லா இருக்குமா” என்பார். முகம் தெரியாதவர் சொன்னால் நம்புவதும், இருபத்தைந்து வருடம் ஊட்டியவர் சொன்னால் டம்ளரில் ஊற்றிச் சோதிப்பதும் உணவுக் கொள்கையில் சேராது. அதற்குப் பெயர் வேறு. கல் இரண்டு, கரண்டி மூன்று, மிக்ஸி ஜார் நான்கு என்று இரவு பத்தரைக்குக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஓரம் கருகிய கடைசித் தோசையை ஆறிப்போனபின் நின்றுகொண்டே தின்பவரின் உணவுமுறைக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

நனிசைவர் கெட்டவர் அல்லர். கன்றுக்குரிய பாலை நாம் குடிக்கிறோமே என்று சொல்லும்போது குரல் உண்மையாகவே தழுதழுக்கும். கடலைத் தயிரைப் பிடிவாதமாகப் பழக்கியவரும் இவரே. தாத்தா இப்போது அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

விசாரணையைக் குறைக்க இதுவரை பலித்த வழி ஒன்றே ஒன்று: கரண்டியை விசாரிப்பவர் கையிலேயே கொடுத்துவிடுவது. இது ஒரு சனிக்கிழமை இரவு, சமைப்பவருக்கு முதுகுப் பிடிப்பு வந்தபோது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. நனிசைவர் கடுகைக் கருக்கி, சட்னியை இரண்டு முறை தாளித்து, வியர்வையோடு தோசையைக் கொண்டுவந்து பாட்டியின் தட்டில் வைத்தார். பாட்டி தட்டை மூக்கருகே தூக்கினார்.

“வெங்காயம் பட்டுதா?”

“இல்ல பாட்டி.”

“கல்லுல எதைத் தேச்ச?”

“கத்தரிக்காய்தான்.”

“எந்தக் கரண்டி?”

“ஐயோ பாட்டி, நான் சொன்னா நம்பமாட்டீங்களா?”

கூடத்தில் தலையணையில் சாய்ந்திருந்த சமைப்பவர் நிமிரவில்லை. கல்லிலிருந்து நேராக வந்த தோசையைச் சூடு ஆறுமுன் தின்றுகொண்டிருந்தார்.